அம்மாவுக்கு இடம் பார்த்தேன்

அன்புள்ள சுமதிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மா போன வாரம் இருந்தது போலவே இருக்கிறாள். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நான் 'சரி சரி, சாப்பிட்டாயா' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இப்படியே மூன்று வாரம் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. போன மாதம் விடியற்காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது என் முழங்கால் மடங்கிவிட்டது. இரண்டு பேரும் விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் பால்காரர் வரும்வரை தரையிலேயே கிடந்தோம். அவளுக்கு அதில் ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்ததும், ஆறு மாதத்தில் மூன்று பேர் நின்றுவிட்டதும் உனக்கே தெரியும். அந்தக் கதை போதும்.

நீ அனுப்பிய இணைப்பை முழுக்கப் படித்தேன் கண்ணு. உங்கள் அமெரிக்காவில் 2008 முதல் மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள், வயதானவர்களைப் பராமரிக்கிற ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடுகிறார்கள். பதினைந்து மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, எத்தனை ஆள் வேலை செய்தார்கள் என்பதைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள் என்பது. எங்கள் மில்லிலும் மேனேஜர் வாயால் சொல்லும் கணக்கை யாரும் நம்ப மாட்டோம், மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைத்தான் எடுத்துப் பார்ப்போம். ஆனால் படுக்கைப் புண், கீழே விழுந்தது மாதிரியான கணக்கில் பெரும்பகுதியை அந்தந்த இல்லமே எழுதிக் கொடுக்கிறதாமே. அந்த நட்சத்திரத்தை நான் அரை நட்சத்திரமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இங்கே அப்படி எதுவும் இல்லை. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவம் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி. நான் விசாரிக்கப் போன முதல் நாள் ஆட்டோக்காரர் என்னை அப்படி ஓர் இடத்தில்தான் கொண்டுபோய் இறக்கினார். வாசலில் எல்லாம் மாசமான பெண்கள். 2007-இல் வந்த முதியோர் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லம் பற்றிப் பேசுகிறது, ஆனால் அது கதியற்ற முதியவர்களுக்கு. முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் செய்தால் இல்லங்களின் விவரம் சொல்கிறார்கள். தரத்தை நாமேதான் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் முப்பத்தொரு வருஷம் பார்த்த வேலையே அதுதானே? பஞ்சு பேல் வந்து இறங்கும்போது மேலே தெரிகிற பஞ்சைப் பார்த்து யாராவது பாஸ் பண்ணுவார்களா? மேல் பஞ்சு எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். பட்டையை வெட்டி, கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி உருவ வேண்டும். அப்படித்தான் நான்கு இல்லங்களுக்கும் போனேன்.

முதலாவது இடத்தில் வரவேற்பறையில் ஏசி, பிள்ளையார் சிலை, மீன் தொட்டி. இளநீர் கொடுத்தார்கள். உள்ளே காலை பதினொன்றரை மணிக்கு ஒரு கூடம் முழுக்க எல்லோரும் தூக்கம். பன்னிரண்டு பேர். ஒருவர்கூட விழித்திருக்கவில்லை. வயதானவர்கள் பகலில் கண்ணசருவது சகஜம்தான், ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்திலா? தூக்க மாத்திரை கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு 'டாக்டர் சொன்னால்தான் சார்' என்றார்கள். எந்த டாக்டர், எப்போது வருவார் என்பதற்குப் பதில் வரவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று திருப்பிப் போட்டுக் கையெழுத்துப் போடும் சார்ட். நல்ல வழக்கம். எடுத்துப் பார்த்தேன். நான் நின்றது பதினொன்றரை மணிக்கு. சார்ட்டில் மதியம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் கையெழுத்து விழுந்திருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது. நைட் ஷிப்டு ரீடிங்கைச் சாயங்காலமே எழுதி வைக்கிற பையன்களை எத்தனை பேரை நான் பிடித்திருக்கிறேன்! ஒன்றும் சொல்லாமல் இளநீருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டாம். ஒரு பெரியவரின் கையைத் துப்பட்டாவால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். டியூபைப் பிடுங்கிவிடுவாராம். பார்க்க வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நான்கிலிருந்து ஐந்து மணி வரை மட்டும் அனுமதி. மூன்றாவது இடம் சுத்தமான இடம்தான், ஆனால் தண்ணீர் டம்ளர்களெல்லாம் ஜன்னல் திட்டில் வரிசையாக இருந்தன. எந்தக் கட்டிலிலிருந்தும் கை எட்டாது. காலிங் பெல் ஒயரைச் சுருட்டி மேலே ஆணியில் மாட்டியிருந்தார்கள், சும்மா சும்மா அழுத்துகிறார்களாம்.

நான்காவதுக்குக் கோவையில் வடவள்ளி தாண்டிப் போக வேண்டும். பழைய ஓட்டு வீட்டை ஒட்டி ஷீட் போட்டு நீட்டியிருக்கிறார்கள், மொத்தம் 22 கட்டில். நுழைந்தவுடன் ஒரு மூலையில் மூத்திர வாடை. மனசு கொஞ்சம் சுளித்தது. ஐந்து நிமிஷத்தில் ஒரு பெண் வந்து அந்தப் பாட்டிக்குத் துணி மாற்றினாள், வாடை போய்விட்டது. முதல் இடத்தில் எங்கு பார்த்தாலும் பினாயில் நெடி. எதை மறைக்க அவ்வளவு ஊற்றினார்களோ தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத்தான் போயிருந்தேன். ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, தமிழ் அரைகுறை. ஒரு பெரியவரைச் சாய்மானம் வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, தானும் ஸ்டூல் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். குழைத்த சாதம் ஒரு ஸ்பூன். பிறகு அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை மணி ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த ஸ்பூன். நடுவில் அவர் நிறுத்திக்கொண்டார், அவளும் நிறுத்தினாள். சாப்பிட்டு முடித்த பிறகும் படுக்க விடவில்லை, அரை மணி நேரம் உட்கார வைத்தாள். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து தண்ணீர் குடித்தால்கூடப் புரையேறுகிறது, கூழ் மாதிரிக் கெட்டியாகக் கொடுத்தால்தான் ஒழுங்காக இறங்குகிறது. இது தெரியாத ஆள் கையில் அவளைக் கொடுத்தால் நிமோனியாதான்.

அப்புறம் அங்கே இருந்த நர்ஸிடம், 'யாருக்காவது படுக்கைப் புண் இருக்கிறதா?' என்று நேராகவே கேட்டேன். மற்ற மூன்று இடத்திலும் 'எங்களிடம் வரவே வராது சார்' என்றார்கள். இந்தப் பெண் 'ரெண்டு பேருக்கு இருக்குங்க. ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே கொண்டுவந்தது. இன்னொண்ணு இங்கேயே வந்துருச்சு, மழைக்காலத்துல ஆள் குறைஞ்சப்போ' என்றாள். எப்படி முன்னாடியே கண்டுபிடிப்பீர்கள் என்றேன். ஒரு பாட்டியிடம் போய், 'பாட்டி, இந்த அய்யா உங்க காலைப் பார்க்கட்டுங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் போர்வையை விலக்கினாள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. குதிகால் இரண்டும் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. 'சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தா வெளுத்துத் திரும்பச் சிவக்கணும், வெளுக்காம நின்னா கெடுதல்னு படிச்சோம். நம்ம நிறத்துக்கு அது சரியாத் தெரியாதுங்க. தொட்டுத்தான் பார்க்கணும், சூடா கெட்டியா இருந்தா விடக்கூடாது' என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே முக்கால்வாசி முடிவாகிவிட்டது.

மீதிக் கால்வாசிக்காக ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போனேன், சொல்லாமல். ஒரு மில்லின் லட்சணம் நைட் ஷிப்டில்தான் தெரியும். வாட்ச்மேன் முகம் சுளித்தார், ஆனால் உள்ளே விட்டார். இரண்டு உதவியாளர்கள், ஒரு நர்ஸ், மூன்று பேரும் முழித்திருந்தார்கள். 22 பேருக்கு மூன்று பேர் குறைச்சல்தான். கேட்டேன். 'குறைச்சல்தான்' என்று ஒத்துக்கொண்டார் நடத்துகிற அம்மா. இந்த ஆட்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று உதவியாளர்களையே தனியாக விசாரித்தேன். ஒருத்தி நான்கு வருஷம், இன்னொருத்தி எட்டு மாதம். சம்பளம் மாதா மாதம் வருகிறதாம்.

குறையும் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். பாத்ரூமில் கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். இன்னொரு பக்கமும் போட்ட பிறகுதான் அட்வான்ஸ் என்று சொல்லியிருக்கிறேன். மாதம் 32,000, டயாப்பரும் மருந்தும் தனி. ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், எனக்கு எப்போது சொல்வார்கள் என்பதையெல்லாம் எழுதி வாங்கிவிட்டேன். பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே. பென்ஷன் சொற்பம்தான், ஆனால் மேல்மாடி வாடகை இருக்கிறது, போதாததற்கு டெபாசிட் வட்டி. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

ஆடி பிறப்பதற்குள் சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன். அம்மாவை ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டினேன். வேப்பமரத்தடியில் வீல்சேரை நிறுத்தியதும் அரை மணி நேரம் கிளம்ப மறுத்துவிட்டாள். பிடித்துப்போயா, அசதியா என்று தெரியவில்லை. நான் தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய் மதியம்வரை இருப்பேன். எந்த நேரமும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய நைட்டி, துண்டு எல்லாவற்றிலும் நூலால் பெயர் தைத்துக்கொண்டிருக்கிறேன், துவைக்கும்போது மாறிவிடாமல் இருக்க. என் தையலைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன் சாமி. இப்போது அடித்துப்பிடித்து ஓடி வராதே. டிசம்பரில் வருகிறாய் அல்லவா, ஏர்போர்ட்டிலிருந்து நேராக அங்கே போ. பெட்டியோடு போனாலும் பரவாயில்லை. போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார், சார்ட்டைப் பார், டம்ளர் கைக்கு எட்டுகிறதா என்று பார். வருகிற தேதியை அவர்களிடம் சொல்லாதே. என்னிடமும் சொல்லாதே. இல்லத்தை நடத்துகிற அந்த அம்மா போடுகிற டீயை இதுவரை மூன்று தடவை குடித்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. டிசம்பருக்குள் இன்னும் எத்தனை டீ குடித்திருப்பேனோ.

இப்படிக்கு,
அப்பா