வீட்டு ஒலிப்பதிவு: இரண்டு வேலைக்கு இரண்டு கருவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய விரும்புவோருக்கான கருவிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மைக், ஹெட்போன் பற்றி அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால், ஆடியோ இன்டர்ஃபேஸையும் கன்ட்ரோல் சர்ஃபேஸையும் ஒரே பெட்டியாக வாங்கிவிட்டால் பணமும் இடமும் மிச்சம் என்று கட்டுரையாளர் கூறியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தஞ்சை வட்டாரத்தில் பாட்டு ஆசிரியர்களுக்கும் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கும் அவரவர் வீட்டிலேயே ஒலிப்பதிவு வசதி அமைத்துத் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இத்தகைய ஒரு யோசனையை நம்பி ஒரு குடும்பம் செலவிடும் தொகை சிறியதன்று.

மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சைகையைப் பெருக்கி, அதை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புவதும், கணினி தரும் எண்களை மீண்டும் ஒலியாக்கி ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுப்பதும் இன்டர்ஃபேஸின் வேலை. கன்ட்ரோல் சர்ஃபேஸின் வழியே ஒலி சிறிதும் செல்வதில்லை. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரான ஃபேடரை எவ்வளவு நகர்த்தினோம், எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்ற செய்தியை மட்டுமே அது கணினிக்குத் தெரிவிக்கிறது. ஆகவே பதிவின் தரத்தில் அதற்குப் பங்கு கிடையாது. பதிவு செய்தவற்றைக் கலக்கும்போது கைக்குக் கிடைக்கும் வசதியே அதன் பயன்.

இரண்டின் ஆயுளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. கன்ட்ரோல் சர்ஃபேஸ் பேசுவது, இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறிக்கொள்ள 1983ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள மிடி மொழி. மேக்கி நிறுவனம் வகுத்த கட்டுப்பாட்டு முறையைக் கியூபேஸ், லாஜிக், ரீப்பர், ஸ்டுடியோ ஒன் ஆகிய ஒலிப்பதிவு மென்பொருள்கள் எல்லாம் இன்றும் புரிந்துகொள்கின்றன. அந்த முறைப்படி இயங்கும் பழைய கருவியைப் புதிய கணினியில் இணைத்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். இன்டர்ஃபேஸின் நிலை வேறு. அது பெரும்பாலும், கருவியைக் கணினியோடு பேசவைக்கத் தயாரிப்பாளர் எழுதித் தரும் டிரைவர் மென்பொருளையும், கணினியில் உள்ள இணைப்புத் துளையையும் நம்பியே இருக்கிறது. இவற்றுள் ஒன்று வழக்கொழிந்தாலும், உள்ளே ஒரு பாகமும் பழுதாகாத கருவி மேசையில் சும்மா கிடக்கும்.

இது கற்பனை அச்சமன்று. 2000களில் மிகவும் விரும்பி வாங்கப்பட்ட டாஸ்காம் எஃப்டபிள்யூ-1884, எம்-ஆடியோ புராஜெக்ட்மிக்ஸ், டிஜிடிசைன் 003 ஆகிய மூன்றும் தாமாகவே நகரும் மோட்டார் ஃபேடர்களையும், மைக்கின் சைகையைப் பெருக்கும் மைக் ப்ரீஆம்ப்களையும் ஒரே பெட்டியில் கொண்டிருந்தன. மூன்றும் ஃபயர்வயர் இணைப்பில் இயங்கின. இன்று கடையில் விற்கும் மடிக்கணினிகளில் அந்தத் துளையே இல்லை. ஒலியை மாற்றும் பகுதி காலாவதியானதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேடர்களும் அதனுடன் சேர்ந்து பயனற்றுப்போயின. இத்தகைய கருவிகள் பழைய பொருள் சந்தையில் கவர்ச்சியான விலைக்கு இன்னும் வருகின்றன. எட்டு ஃபேடரும் எட்டு மைக் துளையும் இவ்வளவு மலிவா என்று வியந்து வாங்க முனைவோர், தங்கள் கணினியில் அது இயங்குவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. டாஸ்காம் மாடல் 12, ஜூம் எல்-12 போன்ற இக்கால மிக்சர்களை மட்டும் இதில் சற்று விலக்கிப் பார்க்கலாம். அவை கணினியின் துணையின்றி எஸ்டி அட்டையிலேயே தனித்தனித் தடங்களாகப் பதிவு செய்வதால், டிரைவர் கைவிட்டாலும் கருவி கைவிடாது. கோயில் மண்டபத்திலும் சபாவிலும் சென்று பதிவு செய்வோருக்கு அவை ஏற்றவை.

எனவே கையில் உள்ள பணத்தை முதலில் இன்டர்ஃபேஸுக்கே ஒதுக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே நேரத்தில் எத்தனை மைக்குகள் வேண்டும் என்ற கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். நம் இசையில் இந்தக் கணக்கு எளிதில் தவறிவிடுகிறது. பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று என மூன்று போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். மிருதங்கத்தின் வலந்தலை நாதத்தையும் தொப்பியின் கும்காரத்தையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டுமானால் அதற்கே இரண்டு மைக் வேண்டும்; ஆக நான்கு. கடமோ கஞ்சிராவோ சேர்ந்தால் ஐந்து. தனியாக அமர்ந்து பாடிப் பதிவு செய்பவருக்கும், தம்புராவை மின்னணுப் பெட்டியிலிருந்து நேரடியாக எடுப்பவருக்கும் இரண்டு தாராளம். தனி வீணைக்கும் இரண்டு போதும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே மைக் எண்ணிக்கையாகக் கொள்வதால்தான் மிகுதியானோர் ஏமாற்றம் அடைகிறார்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4 கருவியில் உள்ளீடு நான்கு என்றாலும் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான். மற்ற இரண்டும் கீபோர்டு போன்றவற்றுக்கான லைன் உள்ளீடுகள். மோட்டு எம்4 கருவியும் அப்படியே. ஸ்கார்லெட் 18ஐ20 என்பதில் மைக் ப்ரீஆம்ப் எட்டு. எஞ்சிய பத்து உள்ளீடுகள் அடாட், எஸ்பிடிஐஎஃப் ஆகிய டிஜிட்டல் வழிகள். பெரிங்கர் யுஎம்சி404எச்டியில் நான்கு உள்ளீடுகளிலும் ப்ரீஆம்ப் உண்டு. தயாரிப்பாளர்கள் இதை மறைப்பதில்லை, விவரக்குறிப்பில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. அடாட் ஒளியிழைத் துளை உள்ள கருவியை வாங்கினால், பின்னாளில் எட்டு மைக் ப்ரீஆம்ப் கொண்ட தனிப்பெட்டி ஒன்றை 48 கிலோஹெர்ட்ஸில் (ஒலியை நொடிக்கு 48,000 முறை அளக்கும் வேகத்தில்) அதனுடன் இணைத்துக்கொள்ளலாம் என்பதால், வளர நினைப்போர் அந்தத் துளை உண்டா என்று பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்தது கெயின், அதாவது ப்ரீஆம்ப் தரும் பெருக்கம். ஷ்யூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்கில் மெல்லிய குரலைப் பதிய ஏறக்குறைய 60 டெசிபல் பெருக்கம் தேவைப்படும். அவ்வளவு தராத ப்ரீஆம்பை முழுவதும் திருகினால் குரலோடு இரைச்சலும் எழும். கன்டென்சர் மைக்கை, இன்டர்ஃபேஸே மைக்குக்குத் தரும் 48 வோல்ட் மின்சாரமான ஃபான்டம் பவரில் பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லை குறைவு. நாதஸ்வரமும் தவிலும் பதிவு செய்வோருக்கோ இதற்கு நேர்மாறான கவலை: எவ்வளவு குறைத்தாலும் சிவப்பு விளக்கு எரியும். அவர்கள் உள்ளே வரும் சைகையைத் தணிக்கும் பேட் வசதியையும், கருவி தாங்கக்கூடிய உச்ச உள்ளீட்டு அளவையும் விசாரிக்க வேண்டும்.

தாமதத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம். பாடுபவர் தம் குரலைக் கணினி வழியாகத் திரும்பக் கேட்கும்போது, 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித் துணுக்குகள்) என்றால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் சுமார் 2.7 மில்லிசெகண்ட் ஆகும். 1024 என்றால் 21 மில்லிசெகண்டைத் தாண்டும். போகும் வழி, வரும் வழி இரண்டையும் கூட்டினால், துரித காலத்தில் ஸ்வரம் பாடுபவருக்குத் தாளமே குலைந்துவிடும். விண்டோஸ் கணினியில் இதைக் குறைக்கத் தயாரிப்பாளரே எழுதிய ஆசியோ என்ற தாமதம் குறைந்த வகை டிரைவர் வேண்டும். மேக், ஐபேட் ஆகியவற்றில் தனி டிரைவர் இன்றியே இயங்கும் கருவியாக இருந்தால், அதைத் தயாரித்த நிறுவனம் நாளை ஆதரவை நிறுத்தினாலும் கருவி பிழைத்திருக்கும். கணினிக்குள் போகாமலே குரலை ஹெட்போனில் கேட்கச் செய்யும் டைரக்ட் மானிட்டரிங் வசதியும் கட்டாயம் இருக்க வேண்டும். இவற்றோடு ஒப்பிட்டால் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற விளம்பரத்துக்கு மதிப்பில்லை. மனிதச் செவி கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை. 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் பதிவு அதை முழுவதும் அடக்கிவிடும். வீணில் கோப்பின் அளவுதான் நான்கு மடங்காகும்.

எந்த இன்டர்ஃபேஸும் வீட்டின் மின்இணைப்புக்கு மேல் நல்ல ஒலியைத் தராது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹம் என்று ஒரு முனகல் கேட்டால், சார்ஜரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். முனகல் நின்றால் குறை எர்த்திங்கில் இருக்கக்கூடும். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்களும் மின்தடை நேரத்தில் இரைச்சலைச் சேர்க்கும். புதிய கருவி வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைப்பது பல வீடுகளில் அதிகப் பலன் தரும்.

இனி கன்ட்ரோல் சர்ஃபேஸ். சில பாடல்களைப் பதிந்து, கலந்து, மவுஸால் எது கைகூடவில்லை என்று தெரிந்த பிறகே அதை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆலாபனையில் மந்திர ஸ்தாயியில் தாழ்ந்து தார ஸ்தாயியில் உயரும் குரலை, ஒலியின் ஏற்றத்தாழ்வைத் தானாகக் குறைக்கும் கம்ப்ரஸரால் நசுக்காமல், ஃபேடரில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே ஏற்றி இறக்குவதுதான் நம் இசைக்கு அது செய்யும் பெரிய உதவி. அந்த வேலைக்கு ஒரே ஒரு ஃபேடர் போதும்; ஒரு நேரத்தில் ஒரு தடத்தைத்தான் நாம் அப்படிக் கவனிக்கிறோம். ஆனால் அந்த ஒன்று மோட்டார் ஃபேடராக இருக்க வேண்டும். கோர்க் நானோகன்ட்ரோல்2 போன்ற மோட்டார் இல்லாத கருவிகளில் தடத்தை மாற்றியதும் ஃபேடரின் நிலையும் திரையில் உள்ள அளவும் பொருந்தாமல் போகின்றன. மேலும் சாதாரண மிடி கட்டுப்பாட்டுச் செய்தியில் 0 முதல் 127 வரை 128 படிகளே உண்டு. மேக்கி முறை இன்னும் நுண்ணிய செய்தியைப் பயன்படுத்துவதால் ஏற்ற இறக்கம் படிக்கட்டாகக் கேட்காது. பிரீசோனஸ் ஃபேடர்போர்ட் போன்ற ஒற்றை ஃபேடர் கருவியில் கால் சுவிட்சை இணைக்கவும் இடம் உண்டு. மடியில் வீணையோ மிருதங்கமோ வைத்திருப்பவர் தாமே பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அறையில் மைக் திறந்திருக்கும்போது மோட்டார் நகரும் ஓசை பதிவாகும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்பது மோட்டார் ஃபேடர் கொண்ட பெரிங்கர் எக்ஸ்-டச் போன்றவை, பல தடங்களை நாள்தோறும் கலப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு உரியவை. லாஜிக் பயன்படுத்துவோர் வீட்டில் ஐபேட் இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் லாஜிக் ரிமோட் செயலியில் பழகிப் பார்த்த பின் முடிவு செய்யலாம்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். இணைப்பில் கருவிகளைப் பரிந்துரைக்கும்போது மொத்த உள்ளீட்டு எண்ணிக்கையோடு மைக் ப்ரீஆம்ப் எண்ணிக்கை, உச்ச கெயின், ஆசியோ டிரைவர் உண்டா என்ற விவரம் ஆகிய மூன்றையும் தவறாமல் வெளியிட வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் பிற ஊர்களிலும் இவற்றை விற்கும் கடைக்காரர்களும் விலைச்சீட்டின் பக்கத்திலேயே மைக் ப்ரீஆம்ப் எண்ணிக்கையைத் தமிழில் எழுதி ஒட்டுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.