சம்பளப் பட்டியலை இப்போதே திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றிய ஊதிய வெளிப்படைத்தன்மை நெறியாணையை உறுப்பு நாடுகள் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7. இதன்படி, சம்பளம் பேசுவதற்கு முன்பே தொடக்க ஊதியத்தையோ அதன் வரம்பையோ விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பு வாங்கிய சம்பளத்தைக் கேட்கக் கூடாது.

ஜெர்மனியில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பணிபுரியும் எனக்கு இரண்டாவது விதியே பெரிதாகப் படுகிறது. எங்கள் பழைய விண்ணப்பப் படிவத்தில் 'கடைசிச் சம்பளம்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் குறைந்த தொகையை எழுதிய ஒரு பெண், ஒரே மேசையில் அதே வேலையைச் செய்யும் ஆணைவிடக் குறைவாகவே ஆண்டுக்கணக்கில் வாங்கி வந்ததை நானே சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன்.

150 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், ஆண், பெண் ஊதிய வேறுபாடு பற்றிய முதல் அறிக்கையைத் தர 2027 ஜூன் 7 கெடு. ஒரு பணிப் பிரிவில் ஆண், பெண் சராசரி ஊதிய வேறுபாடு 5 சதவீதத்தை எட்டி, அதற்கு நியாயமான காரணமும் இல்லாமல், ஆறு மாதத்துக்குள் சரிசெய்யப்படாமலும் இருந்தால், தொழிலாளர் பிரதிநிதிகளுடன் அமர்ந்து ஊதியத்தைக் கூட்டாக மதிப்பிட வேண்டியிருக்கும். ஆகவே திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு பணியின் மதிப்பையும் முதலாளிகள் இப்போதே எழுத்தில் வகுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஜெர்மனி