மறுநிரப்பலில் மிச்சம் எங்கே?

ஆசிரியருக்கு,

தோட்டாவை நாமே மறுநிரப்பினால் பாதி விலைதான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. திரும்பப் பயன்படுவது பித்தளைக் கூடு ஒன்றுதான். பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு மூன்றும் ஒவ்வொரு முறையும் புதிது. ஒரு பவுண்டு மருந்து 7,000 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு). 40 கிரெயின் பிடிக்கும் ரைஃபிள் தோட்டாவுக்கு 175 முறை வரும், 5 கிரெயின் பிடிக்கும் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 1,400. இருந்தும் லாபம் பெரும்பாலும் ரைஃபிளில்தான், அதன் கூடு விலை அதிகம் என்பதால். 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா கடையிலேயே மலிவு, பிரஸ் (அழுத்தும் கருவி), டை (அதில் பொருத்தும் அச்சு), தராசுக்குப் போட்ட முதலீட்டை எடுக்கவே ஆயிரக்கணக்கில் சுட வேண்டியிருக்கும்.

கூடும் நிரந்தரமல்ல. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளவென்று வளையம் தெரிந்தால், முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் தயங்காமல் நசுக்கி எறியுங்கள். அந்த இடத்தில்தான் கூடு இரண்டாகப் பிளக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்