குவார்ட்ஸ் என்று விற்ற குழாயை மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்: ஆய்வு மாணவி, வேதியியல் துறை, புதுச்சேரி.
பெறுநர்: விற்பனை மேலாளர், ஆய்வகக் கருவி நிறுவனம், சென்னை.

பொருள்: ஒளிவேதி வினைக் கலனில் போரோசிலிகேட் குழாய் அனுப்பியது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ஒளிவேதி வினைக் கலனில், விளக்கு நிற்கும் உள்குழாயும் வினை நடக்கும் சிறு குழாய்களும் குவார்ட்ஸ் என்று பில்லில் இருக்கிறது. பெட்டியிலும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் போரோசிலிகேட், அதாவது சாதாரண ஆய்வகக் கண்ணாடி. போனில் சொன்னபோது உங்கள் பிரதிநிதி, “கண்ணாடிதானே மேடம், விளக்கு எரியுதுல்ல?” என்று கேட்டார். எரிகிறது. ஆனால் எங்களுக்கு வேண்டிய 254 நானோமீட்டர் புறஊதா ஒளி அந்தக் கண்ணாடியைத் தாண்டி வரவே இல்லை.

என்ன வேலைக்காக வாங்கினோம் என்பதைச் சொன்னால்தான் நஷ்டம் உங்களுக்குப் புரியும். கழிவுநீரில் அம்மோனியாவை நைட்ரஜனாக மாற்றும் அனமாக்ஸ் பாக்டீரியாக்களின் சவ்வில் லேடரேன் என்ற கொழுப்பு உண்டு. ஒவ்வொன்றும் நான்கு கார்பன் அணுக்களால் ஆன சதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் அமைப்பு, வேறெந்த உயிரிலும் காணாத ஒன்று. இந்த பாக்டீரியாக்கள் இரட்டிப்பாகவே ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதனால் வளர்த்துப் பிரித்தெடுத்துப் போதிய அளவு சேர்ப்பது பெரும்பாடு. ஆய்வகத்தில் கட்டித்தான் ஆக வேண்டும். ஐந்து சதுரங்கள் கொண்ட அமிலத்தை ஹார்வர்டில் கோரி, மசிட்டி என்ற வேதியியலாளர்கள் 2004-இல் தொகுத்தார்கள். 2016-இல் ஸ்டான்ஃபோர்டில் சவ்வில் இருக்கும் முழுக் கொழுப்பு மூலக்கூறே (பாஸ்போலிப்பிட்) உருவானது. நாங்கள் இன்னும் ஒற்றைச் சதுரத்தில்தான் நிற்கிறோம். இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட 1,6-ஹெப்டாடையீன்-3-ஆல் என்ற டையீனுடன் வினையூக்கியாகக் காப்பர் டிரிஃப்ளேட் சேர்த்து 254-இல் ஒளியூட்டினால் சதுரம் மூட வேண்டும். அந்த டையீனை, கண்ணில் நீர் வரவைக்கும் அக்ரோலின் என்ற திரவத்திலிருந்து நாங்களே தயாரித்தோம். டிரிஃப்ளேட்டோ ஈரம் பட்டாலே கெட்டுவிடும், விலையும் அதிகம். இரண்டும் உங்கள் குழாயில் வீணாயின. இரவு முழுக்க ஒளியூட்டிய பிறகும் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனையில் 5-க்கும் 6-க்கும் நடுவே இரட்டைப் பிணைப்பின் பீக்குகள் அப்படியே நின்றன, அதாவது வினை நடக்கவே இல்லை.

அப்புறம்தான் குழாயையே சோதித்தோம். விளக்கை உள்குழாயில் வைத்து, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, 254 ஒளியில் ஒளிரும் பூச்சுள்ள எஃப்254 டிஎல்சி தகடு ஒன்றை வெளியே பிடித்தோம். 254 பட்டால் பளிச்சென்று பச்சையாக ஒளிர வேண்டிய தகடு மங்கிக் கிடந்தது. துறையில் இருக்கும் பழைய குவார்ட்ஸ் குழாயில் அதே விளக்கை வைத்ததும் தகடு முழுக்கப் பச்சை. சிறு குழாயை எந்த ஒளி எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் யூவி ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தபோது 300-க்குக் கீழே ஒளி சரசரவென இறங்கி, 254-இல் ஒன்றுமே இல்லை. போரோசிலிகேட் அப்படித்தான் செய்யும், அது அதன் குற்றம் அல்ல. குவார்ட்ஸ் விலைக்கு அதை விற்றதுதான் குற்றம். இது கைதவறி நடந்ததாகவும் தெரியவில்லை, ஏனென்றால் செட்டில் ஒரு குழாய்கூட குவார்ட்ஸ் இல்லை.

எங்களுக்கு வேண்டியது இவைதான். உண்மையான குவார்ட்ஸ் குழாய்களை, ஒளிகடத்தும் அளவைக் காட்டும் சோதனை அறிக்கையோடு அனுப்புங்கள். பழையவற்றை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். வீணான வேதிப்பொருள்களுக்கான தொகையையும் தர வேண்டும், பில் நகல்களை இணைத்துள்ளேன். இதே செட்டை வேறு கல்லூரிகளும் வாங்கியிருந்தால் அவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். வினை நடக்கவில்லை என்றால் ஒரு மாணவர் முதலில் தன் கைவேலையைத்தான் சந்தேகப்படுவார், குழாயை அல்ல. அப்படி யாருடைய மாதங்களும் வீணாகக் கூடாது.

பதினைந்து நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், துறைத் தலைவரின் ஒப்புதலோடு நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி

இணைப்பு: பில் நகல்கள், ஸ்பெக்ட்ரம், தகடுகளின் புகைப்படங்கள்.