பட்டர் ஃப்ரூட் பையோடு ஒரு கடிதம்

தாண்டிக்குடி

அன்புள்ள பாண்டி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி லீவுக்கு வந்தபோது அடம்பிடித்து வாங்கிய காக்டெயில் பறவை ஜோடியை இப்போது நீயும் தங்கச்சியும் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று படித்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ரிட்டயர் ஆனதிலிருந்து காலைப்பொழுது நகரவே மாட்டேன் என்கிறது என்று முன்பு எழுதியிருந்தாய். இனி அந்தக் குறை இருக்காது.

இங்கே மழை பரவாயில்லை. காப்பிச் செடியில் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. மிளகுக் கொடிகளில்தான் வாடல் விழுந்து சில கொடிகளைப் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. ராத்திரியில் காட்டுமாடு இறங்கி வருகிறது, கீழ்ப்பக்க வேலியைச் சாய்த்துவிட்டது. நம் செல்வம் மகனோடு இருக்கப் போவதாகச் சொல்லித் திருப்பூருக்கே குடிபோய்விட்டான், தெரியுமா? அவன் இல்லாமல் வத்தலக்குண்டு டீக்கடையில் உட்கார எனக்கு மனமே வரவில்லை.

பட்டர் ஃப்ரூட் (அதுதான் அவகாடோ) பறிப்பு நடந்துகொண்டிருக்கிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி.1 ரகம் வைத்தேனே, அந்த மரங்கள் இந்த வருஷம் கிளை வளையக் காய்த்திருக்கின்றன. உனக்கு ஒரு பை நிறைய மதுரை பஸ்ஸில் போட்டு விடுகிறேன். நீங்கள் ஆசைதீரச் சாப்பிடுங்கள். ஆனால் பாண்டி, அதில் ஒரு துணுக்குகூட அந்தப் பறவைகளின் வாயில் பட்டுவிடக் கூடாது. இதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். "நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் தட்டு ஓரத்தில் வந்து நின்றுகொள்ளும், நாங்கள் தின்பதையெல்லாம் தின்னும்" என்று நீ எழுதிய வரியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை.

பட்டர் ஃப்ரூட் மரத்தில் பெர்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இலை, பட்டை, தோல், கொட்டை, நாம் தின்னும் சதை எல்லாவற்றிலும் உண்டு, இலையில் அதிகம். மனிதனை அது ஒன்றும் செய்வதில்லை. பறவைக்கு இதயத் தசையையே கெடுத்துவிடும். நெஞ்சைச் சுற்றி நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஓரிரண்டு நாளில் உயிர் போய்விடும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்த பட்ஜெரிகர் குருவிகளுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு கிராம் பழம் தின்றவை பதறி, தங்கள் இறகைத் தாங்களே பிடுங்கிக்கொண்டன. 9 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தின்றவை 48 மணி நேரத்துக்குள் இறந்தன. சின்ன உடம்பு என்பது மட்டும் காரணம் என்று நினைக்காதே. தென்னாப்பிரிக்காவில் இந்தத் தோப்புக்குள் மேய்ந்த தீக்கோழிகளே செத்திருக்கின்றன. பால் கறக்கும் ஆடு இந்த இலையைத் தின்றால் மடி வீங்கிப் பால் வற்றிவிடும் என்பதால் என் ஆடுகளை நான் அந்தப் பக்கம் விடுவதே இல்லை. ஆகவே பழத்தை நறுக்கிய கத்தி, பலகை, உன் கை எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் பறவையை எடு. தோலையும் கொட்டையையும் மூடியுள்ள குப்பைக்கூடையில் போடு.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "எங்கள் அப்பத்தா வீட்டுக் கிளி சாம்பார் சோறு தின்றே பத்து வருஷம் இருந்ததே மாப்ளே" என்பாய். அந்தக் கிளியை எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் பச்சைக்கிளி நல்ல பராமரிப்பில் 25 வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது. பத்து வருஷத்தில் அது போனது பாதி ஆயுளில் போனதுதான். (இப்போது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கவே கூடாது. காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை, அதற்கு அந்தத் தடை இல்லை.) காக்டெயில் 15 வருஷம், 20 வருஷம்கூட இருக்கும். உன் பேத்தி காலேஜ் முடித்து வேலைக்குப் போகும்வரை இவை இருக்கலாம். அதற்கு நீதான் வழிபண்ண வேண்டும்.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், நம் நாக்கை வைத்து அவற்றின் சாப்பாட்டை அளக்கவே முடியாது. பச்சை மிளகாயைக் கொடுத்துப் பார், நிதானமாகக் கொறிக்கும். நமக்கு எரிகிற அந்தக் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை, கெடுதலும் இல்லை. அதே பறவைக்கு வெங்காயம் ஆகாது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் கந்தகப் பொருட்கள் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. நம் வீட்டில் வெங்காயம் விழாத பண்டம் எது, சொல்லு? உப்புமா, ஊத்தப்பம், உருளைக்கிழங்கு மசால், சாம்பார் எல்லாவற்றிலும் இருக்கிறது. காரமான சட்னியை நாம் தள்ளி வைப்போம், வெங்காயம் போட்ட உப்புமாவைச் சாது என்று நினைத்து ஊட்டுவோம்.

உப்பும் அப்படித்தான். காக்டெயில் ஏறக்குறைய 90 கிராம் இருக்கும். 70 கிலோ ஆளோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 800-ல் ஒரு பங்கு. நீ டிவி பார்த்துக்கொண்டே ஒரு அப்பளத் துண்டையோ மிக்சரையோ நீட்டினால், அந்த உடம்புக்கு அது எவ்வளவு உப்பு என்று கணக்குப் போட்டுப் பார். தாகம் அடங்காமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் தண்ணீராகப் போகும், சிறுநீரகம் கெடும். அளவு மிஞ்சினால் வலிப்பு வந்து செத்துப்போகும். ஊறுகாய், கருவாடு, சிப்ஸ் எதுவும் வேண்டாம்.

உன் காப்பி டம்ளரில் மூக்கை விடுகிறது என்று பெருமையாக எழுதியிருந்தாய். அதை இன்றோடு நிறுத்து. காப்பி பயிரிடுகிறவன் சொல்கிறேன். காஃபின் அதன் இதயத்தைத் தறிகெட்டு ஓட வைக்கும். டீயும் அப்படியே. பேத்தி வந்தால் சாக்லேட்டை ஒளித்து வை, அதிலிருக்கும் தியோப்ரோமினும் காஃபினும் பறவைக்கு விஷம். கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம்.

வேர்க்கடலை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் காரணமே புரியாமல் திணறினார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் பூஞ்சை பிடித்திருந்தது என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தப் பூஞ்சையின் விஷம் ஈரலைத் தின்றுவிடும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. பறவைக்குத்தானே என்று சொத்தைக் கடலையையும், நாள்பட்ட தானியத்தையும், பூசணம் வாடை அடிக்கும் ரொட்டியையும் எடுத்து வைக்கிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நீ வாயில் போட மாட்டாய் என்றால் அதற்கும் போடாதே.

பால் விஷம் இல்லை, ஆனால் அதைச் செரிக்கிற சத்து பறவையின் குடலில் இல்லை. பால் சோறு வயிற்றைக் கலக்கும். ஆப்பிளை விதை எடுத்துவிட்டுக் கொடு. கொடைக்கானல் பிளம்ஸ் வாங்கினால் கொட்டையைக் கண்ணிலேயே காட்டாதே. அந்த விதைகளில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. வேகவைக்காத ராஜ்மா வேண்டவே வேண்டாம். அப்புறம், பேத்தி உதட்டில் வைத்து ஊட்டுவதும் கூடாது, நம் எச்சிலில் உள்ள கிருமிகள் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

சாப்பாடு இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூண்டு சமையலறை வாசலில் இருக்கிறது என்றாய். நான்-ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், அந்தப் பூச்சு மிதமிஞ்சிச் சூடேறி ஒரு புகை வரும். நமக்கு மணம்கூடத் தெரியாமல் இருக்கலாம், பறவை சில நிமிடங்களில் விழுந்துவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் அதன் நுரையீரலுக்குள் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்காக அமைந்த உடம்பு அது, நல்லதைப் போலவே கெட்டதையும் வேகமாக இழுத்துக்கொள்ளும். தங்கச்சியிடம் பழைய இரும்பு தோசைக்கல்லையே எடுக்கச் சொல். கூண்டை முன் அறை ஜன்னலுக்கு மாற்று.

அப்படியானால் என்னதான் கொடுப்பது என்று தங்கச்சி கேட்கும். தாராளமாகக் கொடுக்க நிறைய இருக்கிறது. காய்ந்த நிலத்துப் புல் விதைகளைத் தின்று வாழும் பறவை அது, ஆகவே தினை, சாமை, கம்பு அதற்குச் சொந்தச் சாப்பாடு மாதிரி. ஆனால் தானியம் மட்டுமே தின்றால் வைட்டமின் ஏ குறைந்துபோகும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், முளைகட்டிய பாசிப்பயறு, ஒரு துண்டு கொய்யா, பப்பாளி எல்லாம் வை. கீரையை நன்றாகக் கழுவு. கடையில் கடல்நுரை (கணவாய் மீனின் ஓடு) கேட்டு வாங்கிக் கம்பியில் செருகி வை, சுண்ணாம்புச் சத்துக்கு அது போதும். தட்டில் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உப்பும் எண்ணெயும் விழுவதற்கு முன் வெந்த காயில் ஒரு துண்டைத் தனியாக எடுத்து ஆறவிட்டுக் கொடுங்கள். கூடச் சேர்ந்து சாப்பிடுகிற சந்தோஷம் அதற்கும் குறையாது.

இன்னொன்று, பறவை தன் நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து நின்றால் வேறொன்றுக்கு இரை ஆகிவிடுமே. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ காத்திருக்காதே. வாயில் பாலும் எண்ணெயும் ஊற்றாதே. வெதுவெதுப்பான அட்டைப்பெட்டியில் வைத்து, தின்ற பண்டத்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடு. மதுரையில் பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் யார் என்று இந்த வாரமே விசாரித்து நம்பரைச் சுவரில் எழுதி வை.

அவற்றுக்குப் பெயர் வைத்தாயிற்றா? அடுத்த மாதம் முழங்கால் காட்ட மதுரைக்கு வருகிறேன், அப்போது உன் வீட்டில்தான் தங்கல். தினைக்கதிர் கிடைத்தால் கொண்டுவருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்