மாவுப்பூச்சி வந்த செடியை வீசிவிடாதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

ஜூன் விடுமுறைக்குத் தொடக்கநிலை 3 பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த சதைப்பற்றுச் செடிகள் (தடித்த இலைகளில் நீரைச் சேர்த்துவைப்பவை) சிலவற்றில், வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி வந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பிய பெற்றோர்களுக்கு நன்றி. சிலர், “வீசிவிட்டு வேறு வாங்கித் தரலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பெரும்பாலான செடிகளைக் காப்பாற்றிவிடலாம்.

முதலில், பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்துத் தொட்டியிலிருந்தோ, புதிதாக வாங்கிய செடியிலிருந்தோ, எறும்பு மூலமாகவோ இந்தப் பூச்சி வந்துவிடும். பூச்சி வந்ததைச் சொன்னால் ஏச்சு விழுமோ என்று சில பிள்ளைகள் தயங்குவதாக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டு எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பூச்சியை முதலில் கண்டுபிடித்த பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இலை தண்டோடு சேரும் இடுக்கு, நடுக்குருத்து, இலையின் அடிப்புறம், இந்த மூன்று இடங்களிலும் பாருங்கள். பஞ்சுத் துணுக்கு ஒட்டியதுபோல் திட்டுத் திட்டாக இருந்தால் அது பூச்சி. ரோஜாப்பூ இதழ்போல் இலைகள் அடுக்கியிருக்கும் எச்செவேரியா போன்ற செடிகளில் இலை முழுக்க மெல்லிய வெண்பூச்சு சீராகப் படிந்திருக்கும். அது செடிக்கே உரியது, தேய்த்து எடுத்துவிடாதீர்கள். எறும்பு வரிசை கண்ணில் பட்டாலும் சந்தேகப்படுங்கள். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை விடுகிறது. எறும்புகள் அதற்காகவே அதைக் காவல் காக்கும்.

பூச்சி இருந்தால் செடியை மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொரு திட்டாகத் தொடுங்கள். மேலே இருக்கும் மெழுகு கரைந்து, வெள்ளை மறைந்து, பூச்சி பழுப்பாகத் தெரியும். சில இலைகளில் கறை விழலாம் என்பதால் ஓர் இலையில் மட்டும் தொட்டு, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மாலை வேளையில், வெயில் படாத இடத்தில் செய்வது நல்லது. ஆல்கஹால் சட்டென்று தீப்பற்றும். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், பாட்டில் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். பிள்ளை பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இடத்தைக் காட்டட்டும்.

ஒருமுறை செய்தால் போதாது. பஞ்சுபோன்ற அந்தத் திட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கலாம். வாரம் ஒருமுறை, நான்கு வாரமாவது தொடருங்கள். குளிர்காலமே இல்லாத நம் சிங்கப்பூரில் இந்தப் பூச்சி ஆண்டு முழுவதும் பெருகும்.

மேலே எதுவும் தெரியாமலே செடி வாடுகிறதா? தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். அங்கும் வெள்ளையாக இருந்தால் வேரில் ஒட்டிய மண்ணை முழுக்கக் கழுவி நீக்கி, செடியைச் சில நாள் உலரவிட்டு, புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். அப்புறம், தொட்டிக்குக் கீழே இருக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வேர் அழுகிவிடும், டெங்கிக் கொசுவும் முட்டையிடும்.

தமிழ்நாட்டில் விவசாயம் பார்க்கும் உறவினர் இருந்தால் பிள்ளையைத் தொலைபேசியில் பேசவிடுங்கள். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி பரவி, பப்பாளியும் மல்பெரியும் மரவள்ளியும் பாழாயின. அது வேறு இனம். மருந்தடித்தும் அடங்காத அந்தப் பூச்சி, 2010இல் கரீபியன் தீவான பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மிகச் சிறிய குளவிகளை விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. பிள்ளைகள் தமிழில் கேட்டு அறிய இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

தொடர்ந்து இரண்டு வாரம் வெள்ளை எதுவும் தெரியாவிட்டால் செடியைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம். அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும், வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். செடி மிகவும் கெட்டுப்போயிருந்தால், பூச்சியில்லாத இலை ஒன்றை முழுதாகக் கிள்ளி, இரண்டு மூன்று நாள் காயவைத்து அனுப்புங்கள். எச்செவேரியா இலையிலிருந்தே வேர்விடும். தொட்டியும் மண்ணும் பள்ளியில் தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்