பனையோலை விளக்கைச் சீராக்கித் தந்த அண்ணாவுக்கு

திருகோணமலையில் எங்கள் பொதுப் பட்டறைக்கு வந்து, பெயரும் சொல்லாமல் போன அண்ணாவுக்கு எல்லோர் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

பனையோலைக் கூட்டுக்குள் 60 எல்ஈடி கொண்ட, ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய டபிள்யூஎஸ்2812பி பட்டி. வெள்ளை போட்டால் கடைசிப் பக்கம் மஞ்சளடித்துச் சிவக்கும். நிரலில் பிழையில்லை, மின்னழுத்தம் வழியிலேயே இறங்குகிறது என்று மல்டிமீற்றரை இரு முனையிலும் வைத்துக் காட்டினீர்கள். ஒவ்வொரு எல்ஈடியும் முழு வெளிச்சத்தில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும், மொத்தம் 3.6 அம்பியர். பட்டியின் மெல்லிய செப்புக்கு அது பெரிய சுமை. 5 வோல்ட்டை இரு பக்கமும் கொடுத்ததும் நிறம் ஒன்றாகிவிட்டது.

விளக்கு இடையிடையே மினுங்கியதற்குக் காரணம் வேறு. பட்டியை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லான ஈஎஸ்பி32 தரும் தரவுச் சமிக்ஞை 3.3 வோல்ட், பட்டி கேட்பது 3.5. இடையில் அந்தச் சமிக்ஞையை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஎச்சிடி125 சில்லு, தரவுக் கம்பியில் 330 ஓம் தடை, மின் நுழைவில் 1000 மைக்ரோ ஃபரட் கொள்ளளவி சேர்த்தீர்கள்.

காய்ந்த ஓலை என்பதால் 5 அம்பியர் உருகியும் போட வைத்தீர்கள். அதுதான் பெரிய உதவி. உப்புக் காற்றில் சோல்டர் முனைகள் பச்சை பூக்காதபடி, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, நிறமில்லா நகப்பூச்சை இரண்டு தடவை பூசியும் காட்டினீர்கள்.

உங்கள் சின்ன இடுக்கி இங்கேதான் இருக்கிறது, வந்து எடுங்கோ அண்ணா.